குற்ற வரைபடம்: ஹீட்மேப் போட வருகிறது, அடுத்து எதைக் கற்பது?

வானதி:

எல்லோருக்கும் வணக்கம். ஆறு மாதமாகக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளைக் கற்று வருகிறேன். புள்ளி வரைபடம் போடுவேன், வட்டாரவாரியாக எண்ணி நிறம் கொடுப்பேன், புள்ளிகள் நெருங்கியிருக்கும் இடத்தை நிறத்தால் காட்டும் ஹீட்மேப்பும் போட வரும். அடிப்படைப் பாடங்கள் எல்லாம் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. அதைத் தாண்டிப் போனால் ஒரேயடியாகச் சூத்திரங்கள் வந்து விழுகின்றன. நடுவில் ஒரு படி இருந்தாக வேண்டும், அது எது என்றுதான் தெரியவில்லை.

பயிற்சிக்குச் சிகாகோ நகரத்தின் திறந்த தரவை எடுத்துக்கொண்டேன். 2001 முதல் பதிவான குற்றங்கள் அதில் இருக்கின்றன. ஓர் ஆண்டின் வீடு புகுந்து திருடிய வழக்குகளை மட்டும் பிரித்து, கோப்பில் இருக்கும் எக்ஸ், ஒய் நெடுவரிசைகளை வைத்துப் புள்ளிகளை இறக்கி, ஹீட்மேப் கருவியில் ரேடியஸ், அதாவது ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் போடும் வட்டத்தின் ஆரம், 500 கொடுத்தேன். நகரம் முழுக்க அம்மை போட்டது மாதிரி சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டுகள். 1500 கொடுத்தால் பொட்டுகள் ஒட்டிக்கொண்டு திட்டுகளாகின்றன. 3000 கொடுத்தால் திட்டுகள் மேகமாகிவிடுகின்றன, ஓரத்தில் மிச்சிகன் ஏரிக்குள்ளேயும் கொஞ்சம் நிறம் வழிகிறது.

கூடப் படிக்கும் ஒருவரிடம் மூன்றையும் காட்டினேன். "சரி, இதில் எது உண்மையான ஹாட்ஸ்பாட்?" என்று கேட்டார், குற்றம் உண்மையிலேயே குவிகிற இடம் எது என்று. என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து அந்தக் கேள்விதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ரேடியஸை எப்படித் தேர்ந்தெடுப்பது, ஹீட்மேப்புக்கு அடுத்து எந்த முறையைக் கையில் எடுப்பது, நேரத்தையும் வரைபடத்தில் எப்படிச் சேர்ப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

அளவுகோல்:

வானதி, ரேடியஸைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். அந்தக் கோப்பின் எக்ஸ், ஒய் எண்கள் இல்லினாய் கிழக்கு மாநிலத் தள ஆயத்தொலை முறையில் இருக்கின்றன, அதன் அலகு அடி. 500 மீட்டர் என்று நினைத்து நீங்கள் கொடுத்ததைக் கருவி 500 அடியாக எடுத்துக்கொண்டிருக்கும், அதாவது சுமார் 152 மீட்டர். சிகாகோவில் ஒரு மைலுக்கு எட்டு பிளாக் என்பது பொதுவான கணக்கு, ஒரு பிளாக்கின் நீளமே 660 அடி வரும். ஒரு பிளாக்கைக்கூட எட்டாத வட்டத்தைப் போட்டால் பொட்டுப் பொட்டாகத்தான் வரும். இன்னொன்று, அந்தத் தரவில் சம்பவ இடத்தை அப்படியே தருவதில்லை, தனியுரிமைக்காக அதே பிளாக்குக்குள் சற்று நகர்த்தி வைத்துத்தான் வெளியிடுகிறார்கள். ஆகவே பிளாக்கைவிடச் சிறிய அளவில் உங்கள் கண்ணுக்குத் தெரிகிற எந்த வடிவத்தையும் நம்பக் கூடாது. லேயரை யூடிஎம் மண்டலம் 16 வடக்கு என்ற ஆயத்தொலை முறைக்கு, அதாவது ஈபிஎஸ்ஜி குறியீடு 32616-க்கு மாற்றிச் சேமித்துக்கொள்ளுங்கள், எல்லாம் மீட்டருக்கு வந்துவிடும்.

கியூஜிஐஎஸ்-ல் ஹீட்மேப் என்ற பெயரில் இரண்டு பொருள் இருக்கிறது, பலர் குழம்பும் இடம் இது. ஒன்று லேயரின் ஸ்டைலில் இருப்பது. அது வெறும் காட்சி, அதன் ரேடியஸ் முதலில் மில்லிமீட்டரில் இருக்கும், ஆகவே ஜூம் செய்யச் செய்யப் படமே மாறும். இன்னொன்று பிராசஸிங் டூல்பாக்ஸில் இருக்கும் கேர்னல் டென்சிட்டி கருவி, அது ராஸ்டர் தரும், அதாவது கட்டத்துக்கு ஓர் எண், அந்த எண்களைப் பிறகு கணக்குக்கு எடுக்கலாம். நீங்கள் பயன்படுத்தியது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். முதலாவதை அறிக்கையில் வைக்காதீர்கள்.

இனி ரேடியஸ். "சரியான ரேடியஸ்" என்று தரவுக்குள் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. என்ன முடிவு எடுக்கப் போகிறீர்களோ அதன் அளவுதான் ரேடியஸின் அளவு. ரோந்து எந்தத் தெருக்களில் போக வேண்டும் என்பது கேள்வியானால் 200, 300 மீட்டர். எந்தப் பகுதிக்கு அடுத்த ஆண்டு பணம் ஒதுக்குவது என்றால் ஒரு கிலோமீட்டர்கூடப் போடலாம். முக்கியமாக, படத்தைப் பார்த்துப் பார்த்து அழகாக வரும்வரை ரேடியஸை மாற்றுவதை விட்டுவிடுங்கள். முன்கூட்டியே ஒன்றைத் தீர்மானித்து, காரணத்தை எழுதி வைத்து, ஒப்பிடும் எல்லா மாதங்களுக்கும் அதையே வைத்துக்கொண்டு, படத்தின் கீழே அந்த எண்ணைப் போடுங்கள். நிற வகுப்புகளும் இப்படித்தான். ஐந்து குவான்டைல் வகுப்பு, அதாவது கட்டங்களைச் சம எண்ணிக்கையில் ஐந்தாகப் பிரிப்பது, போட்டால் கட்டங்களில் ஐந்தில் ஒரு பங்கு எப்போதும் சிவப்பாகத்தான் இருக்கும், குற்றம் பாதியாகக் குறைந்த ஆண்டிலும் சிவப்புதான். இதைப் பார்த்துப் பதறிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஹீட்மேப் நெருக்கத்தை மட்டும்தான் காட்டும், அந்த நெருக்கம் தற்செயலாக வந்திருக்கக் கூடுமா என்று அது கேட்பதே இல்லை. நீங்கள் தேடும் நடுப் படி அந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன். அதற்கு முதல் கருவி கெட்டிஸ்-ஆர்டு ஜி ஸ்டார். ஆர்தர் கெட்டிஸும் கீத் ஆர்டும் 1992-ல் கொடுத்த குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு கட்டத்தையும் அதன் அண்டைக் கட்டங்களையும் சேர்த்துக் கூட்டி, மொத்த நகரத்தின் சராசரியை வைத்துப் பார்த்தால் இந்தக் கூட்டுத்தொகை வழக்கத்துக்கு மீறியதா என்று ஓர் இசட் மதிப்பு, அதாவது எவ்வளவு விலகியிருக்கிறது என்ற அளவு, தரும். 1.96-க்கு மேல் என்றால் 95 விழுக்காடு நம்பிக்கை அளவு, 2.58-க்கு மேல் என்றால் 99. அதைச் செய்து முடித்ததும் 1995-ல் லுக் அன்செலின் கொடுத்த லோக்கல் மோரான் முறைக்குப் போங்கள். சுற்றிலும் அமைதியாக இருக்கும் இடத்தில் ஒரே ஒரு கட்டம் மட்டும் உயர்ந்து நிற்பதை அது தனியாகப் பிரித்துக் காட்டும். ஜி ஸ்டாரில் அது தெரியாமல் போய்விடும்.

---

தேன்கூடு:

அளவுகோல் சொன்னதோடு செய்முறையைச் சேர்க்கிறேன். கியூஜிஐஎஸ்-ல் 'கிரியேட் கிரிட்' வைத்து 250 மீட்டர் கட்டம் போடுங்கள், நகர எல்லையால் வெட்டுங்கள், 'கவுண்ட் பாயின்ட்ஸ் இன் பாலிகான்' ஓட்டுங்கள். அந்தக் கோப்பை ஜியோடாவில் திறங்கள், அன்செலின் குழுவின் இலவச மென்பொருள்தான். குயீன் முறையில் அண்டைக் கட்டங்களை வரையறுத்தால் சுற்றியுள்ள எட்டும் சேரும். தூரத்தை வைத்து வரையறுப்பதானால் 360 மீட்டர் கொடுங்கள், மூலைக் கட்டத்தின் மையம் 354 மீட்டரில் இருப்பதால் அதே எட்டு வந்துவிடும்.

நகர எல்லையால் வெட்டச் சொன்னதற்குக் காரணம் ஏரி. ஏரியின் மேல் விழும் கட்டங்களை அப்படியே விட்டால் அவை எல்லாம் பூஜ்ஜியமாக உள்ளே வந்து, நகரச் சராசரியைக் கீழே இழுத்து, கரையில் உள்ள சாதாரணக் கட்டங்களையும் ஹாட்ஸ்பாட் ஆக்கிவிடும். வீடே இல்லாத இடத்தில் வீடு புகுந்து திருட முடியாது, அந்தப் பூஜ்ஜியத்துக்கு அர்த்தம் கிடையாது. ரயில் யார்டு, பெரிய பூங்கா, விமான நிலைய ஓடுபாதை எல்லாவற்றுக்கும் இதுதான்.

அப்புறம், 95 விழுக்காடு என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சிகாகோவின் நிலப்பரப்பு சுமார் 590 சதுர கிலோமீட்டர். 250 மீட்டர் கட்டம் என்றால் கிட்டத்தட்ட 9,400 கட்டங்கள், அதாவது 9,400 தனித்தனிச் சோதனைகள். எங்கும் எந்த வடிவமும் இல்லாத ஒரு கற்பனை நகரத்திலும் 5 விழுக்காட்டுக் கணக்கில் 470 கட்டங்கள் "முக்கியமானவை" என்று எழுந்து நிற்கும், அவற்றில் ஏறத்தாழ பாதி சூடாகவும் பாதி குளிராகவும். அதனால்தான் இப்படித் தற்செயலாக எழுந்து நிற்பவற்றைக் கட்டுப்படுத்தும் ஃபால்ஸ் டிஸ்கவரி ரேட் திருத்தம் தேவை, ஜியோடாவிலேயே அந்தத் தெரிவு இருக்கிறது. ஆனால் அது முதலில் 999 தடவைதான் எண்களைக் குலுக்கிப் போட்டுப் பார்க்கும், அப்போது கிடைக்கக்கூடிய ஆகக் குறைந்த பி மதிப்பே, அதாவது தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பின் அளவே, 0.001. இத்தனை கட்டங்களுக்குத் திருத்தம் செய்ய அது போதாது. 99,999-க்கு உயர்த்திவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள்.

முடிந்ததும் 500 மீட்டர் கட்டத்தில் ஒரு முறை, கட்டங்களை அரைக் கட்டம் நகர்த்தி ஒரு முறை, அறுகோணத்தில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். எல்லையை எங்கே போடுகிறோம் என்பதே முடிவை மாற்றும் சிக்கலை 1934-லேயே கெல்கேயும் பீலும் காட்டிவிட்டார்கள். நாலு படத்திலும் நிலைத்து நிற்கிற இடங்களைத்தான் நான் வாய் திறந்து சொல்வேன்.

---

மணிக்கூண்டு:

நேரம் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

திருட்டு வழக்கில் "எப்போது நடந்தது" என்பது பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. காலை 8 மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவர் மாலை 6 மணிக்கு வந்து பார்க்கிறார், பூட்டு உடைந்திருக்கிறது. பதிவில் 8 மணி என்று எழுதினால் காலைத் திருட்டு, 6 மணி என்று எழுதினால் மாலைத் திருட்டு, நடுவில் 1 மணி என்று போட்டால் அது யாரும் சொல்லாத பொய். இதற்குத்தான் ஏயோரிஸ்டிக் முறை. ராட்கிளிஃபும் மெக்கல்லாவும் 1998-ல் எழுதியது. அந்தப் பத்து மணி நேரத்தில் ஒவ்வொரு மணிக்கும் 0.1 என்று பங்கு போட்டுக் கொடுங்கள். எல்லா வழக்குகளுக்கும் இப்படிச் செய்து மணிவாரியாகக் கூட்டினால், தனித்தனியாகப் பார்க்கும்போது தெரியாத நேரம் மொத்தத்தில் மேலெழுந்து வரும். வெறும் எக்செலில் செய்யக்கூடியது, சூத்திரம் என்று பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இதற்குத் தொடக்க நேரம், முடிவு நேரம் இரண்டும் வேண்டும். சிகாகோ கோப்பில் ஒரே நேரம்தான் இருக்கிறது, அதுவும் சில வழக்குகளில் ஊகித்து எழுதியது என்று அவர்களே குறிப்பில் சொல்கிறார்கள். நள்ளிரவு 12:00 என்று எத்தனை வரிசை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அவை எல்லாம் நள்ளிரவில் நடந்தவையாக இருக்க வாய்ப்பில்லை.

அடுத்தது நியர் ரிபீட். ஒரு வீட்டில் திருட்டு நடந்தால் அடுத்த சில வாரங்களுக்கு அந்த வீட்டுக்கும் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் ஆபத்து கூடுகிறது என்பது பல நாடுகளில் பார்த்துவிட்ட விஷயம். திருடனுக்கு அந்தத் தெருவின் வழி, பூட்டு, ஆள் நடமாட்டம் எல்லாம் பழகிவிடுகின்றன. இதைச் சோதிக்க நாக்ஸ் முறை இருக்கிறது. 1964-ல் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் கொத்தாக வருகிறதா என்று பார்க்கப் பயன்பட்டது, குற்றத்துக்கு வந்தது பிறகுதான். எல்லா வழக்குகளையும் இரண்டிரண்டாக இணை சேர்த்து, எத்தனை இணை 200 மீட்டருக்குள்ளும் 7 நாளுக்குள்ளும் விழுகிறது என்று எண்ணுங்கள். பிறகு இடங்களை அப்படியே வைத்துக்கொண்டு தேதிகளை மட்டும் குலுக்கி, அதே எண்ணிக்கையை 999 தடவை எடுங்கள். உங்கள் எண் அந்தக் கூட்டத்துக்கு வெளியே நின்றால் விஷயம் இருக்கிறது.

இங்கே தரவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸ் காவல்துறைத் திறந்த தரவில் தேதிக்குப் பதில் மாதம் மட்டும்தான் இருக்கும், இடமும் முன்கூட்டியே குறித்து வைத்த புள்ளிகளில் கொண்டுபோய் ஒட்டப்பட்டிருக்கும். வெவ்வேறு வீடுகள் ஒரே புள்ளியில் உட்கார்ந்துவிடும். அதை வைத்து நாக்ஸ் ஓட்டினால் "ஒரே இடத்தில் மறுபடியும்" என்று வருவதற்கு எந்த மதிப்பும் இல்லை. சிகாகோவில் நாள் இருக்கிறது, இடம் பிளாக் அளவில் இருக்கிறது, ஆகவே முதல் தூர வட்டத்தை 200 மீட்டருக்குக் குறையாமல் வையுங்கள்.

---

வானதி:

மூவருக்கும் மிக்க நன்றி. அடி விஷயம் நூற்றுக்கு நூறு சரி. லேயர் பண்புகளைத் திறந்து பார்த்தேன், அலகு அடி என்றே இருந்தது, ஆறு மாதத்தில் ஒரு தடவைகூட அந்த வரியை நான் படித்ததில்லை. 32616-க்கு மாற்றி 300 மீட்டரில் போட்டதும் பொட்டுகள் போய், நான்கைந்து தெருக்களாக அடையாளம் சொல்லக்கூடிய திட்டுகள் வந்தன.

நள்ளிரவு 12:00 எண்ணிப் பார்த்தேன். 11 மணிக்கும் 1 மணிக்கும் நடுவில் ஒரு கம்பம் நட்டது மாதிரி எழுந்து நிற்கிறது. நல்ல வேளை, மணிவாரியாக வரைபடம் போட்டு நள்ளிரவில்தான் ஆபத்து என்று எழுதத் தொடங்கியிருந்தேன், அதை நீக்கிவிட்டேன். ஆயத்தொலைவு காலியாக உள்ள வரிசைகளும் கொஞ்சம் இருக்கின்றன. அவற்றை விட்டுவிடலாமா?

ஜி ஸ்டார் ஓட்டியதில் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் பெரிய வித்தியாசம், ஓரமாகத் தனித்தனியாக இருந்த கட்டங்கள் மறைந்து, நடுவில் கெட்டியான சில கூட்டங்கள் மட்டும் நின்றன. இன்னொரு சந்தேகம். பர்க்லரியை, அதாவது வீடு புகுந்து திருடுவதை விட்டுச் சாதாரணத் திருட்டை எடுத்து அதே முறையில் ஓட்டினேன். நகர மையம் 'லூப்' முழுக்கச் சிவப்பு, வடமேற்கு மூலையில் ஓ'ஹேர் விமான நிலையத்தில் ஒரு சிவப்பு. அங்கே வசிப்பவர்களுக்கு அவ்வளவு ஆபத்தா?

---

இரவுப்பணி:

ஓ'ஹேரில் வசிப்பவர் யாரும் இல்லை, அதுதான் பதிலின் தொடக்கம். எண்ணிக்கை வேறு, ஆபத்து வேறு. ஆபத்து என்று சொல்ல ஒரு வகுக்கும் எண் வேண்டும், அந்த எண் குற்றத்துக்குக் குற்றம் மாறும். வீட்டுத் திருட்டுக்கு வீடுகளின் எண்ணிக்கை, வாகனத் திருட்டுக்கு அங்கே நிற்கும் வாகனங்கள், பிக்பாக்கெட்டுக்கு அந்த நேரத்தில் அந்த இடத்தில் நடமாடும் ஆட்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஆட்கள் தூங்கும் இடத்தைத்தான் எண்ணுகிறது. லூப்பில் பகலில் லட்சக்கணக்கானவர்கள் வந்து போகிறார்கள், குடியிருப்பவர்கள் அதில் சிறு பங்கு. குடியிருப்போர் எண்ணிக்கையால் வகுத்தால் எந்த நகரத்தின் மையமும் பயங்கரமாகத் தெரியும். அதே சமயம் ரோந்துக்கு ஆள் அனுப்புவதுதான் கேள்வி என்றால் வகுக்கத் தேவையே இல்லை, வேலை எங்கே இருக்கிறதோ அங்கே ஆள் வேண்டும். எந்தக் கேள்விக்கு எந்த வரைபடம் என்பதைத் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

காலியான வரிசைகளைப் பற்றி: ராட்கிளிஃப் 2004-ல் முகவரிகளில் குறைந்தது 85 விழுக்காடாவது இடத்தோடு பொருந்தியிருக்க வேண்டும் என்று ஓர் அளவு சொன்னார், பலரும் அதைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் எவ்வளவு விடுபட்டது என்பதைவிட எவை விடுபட்டன என்பதைப் பாருங்கள். விடுபட்டவற்றைக் காவல் மாவட்டவாரியாக எண்ணுங்கள், அந்த நெடுவரிசை காலியாக இருக்காது. ஒரே மாவட்டத்தில் குவிந்திருந்தால் உங்கள் வரைபடத்தில் அந்த மாவட்டம் அமைதியாகத் தெரிவது பொய்.

நான் மிகவும் கவலைப்படுகிற விஷயம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வரைபடத்தில் இருப்பது நடந்த குற்றம் அல்ல, பதிவான குற்றம். வீட்டுத் திருட்டில் இரண்டும் ஓரளவு ஒட்டி வரும், ஏனென்றால் பாதிக்கப்பட்டவர் வந்து சொல்வார். போதைப்பொருள் வழக்கு அப்படியில்லை, காவலர் தேடிய இடத்தில்தான் அது பதிவாகும். அதை வைத்து ஹாட்ஸ்பாட் போட்டு, அங்கேயே ஆட்களை அனுப்பி, அவர்கள் பிடித்ததை மறுபடியும் தரவில் சேர்த்தால் அடுத்த மாதம் அந்த இடம் இன்னும் சிவக்கும். 2016-ல் வெளியான ஓர் ஆய்வு கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் இதைத்தான் காட்டியது. போதைப்பொருள் பயன்பாடு நகரம் முழுக்கப் பரவியிருப்பதாக மதிப்பீடு சொல்ல, கணிப்பு முறையோ ஏற்கெனவே அதிகம் கைது நடந்த பகுதிகளுக்கே திரும்பத் திரும்பக் காவலர்களை அனுப்பச் சொன்னது. அந்தச் சிவப்புக் கட்டத்துக்குள் குடும்பங்கள் வாழ்கின்றன. வரைபடம் போடுகிறவருக்கு அது நினைவில் இருக்க வேண்டும்.

---

அளவுகோல்:

வானதி, உங்கள் நண்பர் கேட்ட "எது உண்மை" என்ற கேள்விக்கு இன்னும் யாரும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. சேனியும் அவரது சகாக்களும் 2008-ல் கொடுத்த பிரிடிக்ஷன் அக்யூரசி இன்டெக்ஸ், சுருக்கமாகப் பிஏஐ. ஜனவரி முதல் செப்டம்பர் வரையிலான தரவை மட்டும் வைத்து ஹாட்ஸ்பாட் வரையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நடந்தவற்றில் எத்தனை விழுக்காடு அந்தப் பகுதிகளுக்குள் விழுந்தது என்று எண்ணி, அதை அந்தப் பகுதிகள் நகரத்தில் எத்தனை விழுக்காடு பரப்பு என்பதால் வகுத்துவிடுங்கள். எடுத்துக்காட்டாக, 2 விழுக்காடு பரப்பில் 14 விழுக்காடு திருட்டு விழுந்தால் 7. ஒன்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு வட்டம் போட்டதற்குச் சமம்.

ஒப்பிடும்போது எல்லா வரைபடத்திலும் ஒரே பரப்பை எடுங்கள், மேல் 2 விழுக்காடு என்றால் எல்லாவற்றிலும் 2. பரப்பு சுருங்கச் சுருங்க பிஏஐ பொதுவாக உயர்ந்துகொண்டே போகும், வெவ்வேறு பரப்பை வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள்.

இன்னும் ஒரு படி போக ஆசை இருந்தால் கட்டத்தை விட்டுவிட்டுத் தெருத் துண்டுகளை எடுங்கள், ஒரு சந்திப்பிலிருந்து அடுத்த சந்திப்பு வரை ஒரு துண்டு. டேவிட் வைஸ்பர்டும் சகாக்களும் சியாட்டிலில் 1989 முதல் 2002 வரை 14 ஆண்டுகள் பார்த்தபோது, ஆண்டுதோறும் 4, 5 விழுக்காடு தெருத் துண்டுகளிலேயே பாதிக் குற்றங்கள் நடந்திருந்தன. மோசமான பகுதி என்று பெயர் எடுத்த இடங்களிலும் பெரும்பாலான தெருக்கள் அமைதியாக இருப்பது அப்படிப் பார்த்தால்தான் தெரியும். ஹீட்மேப் அந்த அமைதியான தெருவின் மேலும் சிவப்பைப் பூசிவிடுகிறது.

---

வானதி:

இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். விடுபட்ட வரிசைகளை மாவட்டவாரியாக எண்ணியாயிற்று, ஒரே இடத்தில் குவியவில்லை, அறிக்கையில் அந்த எண்ணிக்கையைச் சேர்த்துவிட்டேன்.

இப்போது ஜனவரி முதல் செப்டம்பர் வரையிலான பர்க்லரியை வைத்து நான்கு வரைபடம் தயார்: 150 மீட்டர், 300 மீட்டர், 900 மீட்டர் ஹீட்மேப், அப்புறம் ஜி ஸ்டார். நான்கிலும் மேல் 2 விழுக்காடு பரப்பை மட்டும் வெட்டி எடுத்துத் தனிக் கோப்பாகச் சேமித்தாயிற்று. நண்பரையும் கூப்பிட்டிருக்கிறேன், அவர் 900 மீட்டர்தான் ஜெயிக்கும் என்கிறார், நான் 300 என்று எழுதி வைத்திருக்கிறேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான கோப்பை இன்னும் திறக்கவில்லை. எண் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.